பைரி அடிக்கும் காலம்: புறா வளர்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன. பறக்க விட்ட புறா திரும்பவில்லை. வானத்தில் பைரி தெரிந்தது. இனி என்ன செய்வது? ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இதை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். நூல்களில் பொரி வல்லூறு என்று எழுதப்படும் பறவையைத்தான் புறா வளர்ப்போர் பைரி என்கிறோம். இங்கே அப்பெயரையே பயன்படுத்துகிறேன். நானும் நெடுங்காலமாகப் புறா வளர்ப்பவன். இழப்பின் வலி தெரியாதவன் சொல்லும் அறிவுரை என்று இதை எவரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருந்த இருபத்து நான்கு புறாக்களில் ஏழு, இரண்டு மாதங்களுக்குள் போய்விட்டன. கூண்டுக்கு அருகில் இரண்டு முறை இறகுக் குவியலைக் கண்டேன். ஒரு நாள் காலையில் கூண்டுக்குள்ளேயே ஒரு புறா தலையில்லாமல் கிடந்தது. எல்லாம் பைரியின் வேலைதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதை எப்படி உறுதி செய்துகொள்வது?

பதில்: கூண்டுக்குள் தலையில்லாமல் கிடந்த புறாவை முதலில் பைரியின் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். திறந்த வெளியில் பறந்துகொண்டிருக்கும் பறவையை மேலிருந்து பாய்ந்து அடிப்பதுதான் பைரியின் வேட்டை. அந்தப் பாய்ச்சலின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அத்தகைய பறவை இரவில் கூண்டுக்குள் புகுந்து தலையை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. அது மரநாயோ கீரியோ பூனையோ எலியோ செய்த வேலையாக இருக்கும்; கம்பி வலை கிழிந்த கூண்டானால் ஆந்தையாகவும் இருக்கலாம். இன்று மாலையே கூண்டின் அடிப்பலகையையும் மூலைகளையும் தடவிப் பார்த்து, இரண்டு விரல் நுழையும் இடைவெளி எங்கே இருந்தாலும் அடைத்துவிடுங்கள். ஏழில் சில புறாக்களாவது அந்த வழியாகப் போயிருக்கக் கூடும்.

இறகுக் குவியலை அடுத்த முறை கண்டால் உடனே கூட்டித் தள்ளிவிடாதீர்கள். இறக்கையின் நீண்ட இறகு ஒன்றை எடுத்து, அதன் தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்டு வேரோடு முழுமையாகப் பிடுங்கப்பட்டிருந்து, அதன் ஓரத்தில் அலகு நெரித்த சிறு மடிப்புத் தெரிந்தால் வேட்டைப் பறவை உரித்திருக்கிறது என்று பொருள். தண்டு பாதியில் கடிபட்டுப் பிசிறாக இருந்து, எச்சில் காய்ந்து நாலைந்து இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பூனை போன்ற விலங்கின் பல். என் கூண்டருகே கிடந்த ஒரு குவியலைப் பைரியின் மேல் பழி போட்டுப் பல நாள் புலம்பிய பிறகுதான் இந்த வேறுபாட்டைக் கற்றேன். கடிபட்ட தண்டுகள் என் கையிலேயே இருந்தும், பார்க்கத் தெரியாததால் பூனையைத் தப்பவிட்டுவிட்டேன்.

வேட்டைப் பறவைதான் என்று உறுதியானாலும் அது பைரியா, வைரி இனத்தைச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. கூண்டைச் சுற்றி நடக்கும் திடீர்த் தாக்குதல்களில் பெரும்பாலானவை வைரி இனத்தினுடையவை. அவற்றின் இறக்கை குட்டையாகவும் நுனி வட்டமாகவும் இருக்கும், வால் நீளமாக இருக்கும், கண் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும். மரத்தின் மறைவிலிருந்து தாழப் பறந்து வந்து, கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாவைக்கூட அள்ளும். தூக்க முடியாத கனம் என்றால் விழுந்த இடத்திலேயே உரித்துத் தின்னும். பைரிக்கு இறக்கை நுனி கூர்மையாக இருக்கும், கண் கருமையானது, கன்னத்தில் மீசை வரைந்தது போன்ற கறுப்புப் பட்டை உண்டு. அது அடித்த புறாவைப் பாறை, கோபுரம், உயர்ந்த கட்டடம் போன்ற இடத்துக்குத் தூக்கிச் செல்லவே விரும்பும். உண்டு முடித்த பின் இரண்டு இறக்கைகளும் தோள் எலும்போடு சேர்ந்தபடியே மிஞ்சும். நெஞ்செலும்பின் விளிம்பில் அலகு கடித்த முக்கோண வெட்டுகள் தெரியும். உங்கள் கூண்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே குவியல் கிடந்தது என்பதைப் பார்த்தால், நான் முதலில் வைரியைத்தான் சந்தேகிப்பேன்.

புறாக்களின் நடத்தையும் சாட்சி சொல்லும். உயரத்தில் பைரி தெரிந்தால் கூட்டம் இறுகத் திரண்டு, ஒரே உடல் போல வளைந்து, அதைவிட மேலே ஏறப் பார்க்கும். வைரி புகுந்தால் நாலாபுறமும் சிதறும்.

கேள்வி: சட்டம் ஏன் இந்தப் பறவையைக் காக்கிறது? நாங்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய வம்சத்தை ஒரு நொடியில் அழிக்கிறது. பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடவாவது அனுமதிக்கக் கூடாதா? சிலர் மருந்து வைத்துத் தீர்த்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: மருந்து வைக்கும் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள். வைத்த நஞ்சு எதன் வாயில் போகும் என்று வைத்தவரால் சொல்ல முடியாது. நாய், பூனை, காகம், தெருவில் விளையாடும் குழந்தை, உங்கள் சொந்தப் புறா என யாருக்கும் அது போகலாம். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் பைரி இருக்கிறது. மிகப் பல நாடுகளில் அதைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். 2007-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, ஓரிகன் மாநிலங்களில் கரணப் புறா வளர்ப்போர் சிலர், வேட்டைப் பறவைகளைக் கொன்றதாக வழக்கைச் சந்திக்க நேர்ந்தது. சிலரின் செயலால் புறா வளர்க்கும் எல்லோர் மீதும் படிந்த கறை அது.

இனி உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு வருகிறேன். நமது வேதனையும் பைரியின் வாழ்வும் முன்பே ஒருமுறை நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. அந்த வரலாறு ஒவ்வொரு புறா வளர்ப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் புறாக்களைச் சுமந்து பறந்தன. 1942-இல் கடலில் விழுந்த ஒரு விமானத்திலிருந்து வெளிவந்த விங்கி என்ற பெண்புறா, எண்ணெயில் தோய்ந்த இறகுகளோடு ஸ்காட்லாந்தில் இருந்த தன் கூண்டை அடைந்தது. அது பறந்து வந்த நேரத்தைக் கணக்கிட்டு, விமானம் விழுந்த இடத்தை ஊகித்து, வீரர்களை உயிரோடு மீட்டார்கள். 1943-இல் அந்தப் புறாவுக்கு, போரில் பணியாற்றிய விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தரப்படும் டிக்கின் பதக்கம் வழங்கப்பட்டது. இத்தகைய தூதுப் புறாக்களைக் காப்பதற்காகவே 1940-இல் பைரிகளைக் கொல்ல அந்நாட்டு அரசு ஆணையிட்டிருந்தது. ஏறத்தாழ 600 பைரிகள் கொல்லப்பட்டன. போர் முடிந்தபின் 1946-இல் ஆணை விலக்கப்பட்டதும் பைரிகள் மெல்ல மீளத் தொடங்கின.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியமானது. 1960-இல் தெற்கு வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த பந்தயப் புறா வளர்ப்போர், பைரிகள் பெருகித் தங்கள் புறாக்களை அழிக்கின்றன, ஆகவே அவற்றுக்குள்ள சட்டப் பாதுகாப்பை நீக்க வேண்டும் என்று அரசிடம் முறையிட்டார்கள். முறையீடு உண்மைதானா என்று பார்க்க 1961-இலும் 1962-இலும் நாடு முழுவதும் கணக்கெடுப்பு நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் டெரிக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டன் இயற்கை ஆய்வாளர். பெருகிவிட்டது என்று சொல்லப்பட்ட பறவை, பாறை பாறையாக மறைந்துகொண்டிருந்தது. 1963 அளவில், போருக்கு முன் இருந்த எண்ணிக்கையில் பாதிகூட மிஞ்சவில்லை. கூட்டில் இருந்த முட்டைகளோ தாயின் எடை தாங்காமல் உடைந்துகொண்டிருந்தன. சேகரிப்புகளில் இருந்த பழைய முட்டை ஓடுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, 1940-களின் இறுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது என்று 1967-இல் ராட்கிளிஃப் வெளியிட்டார். ஓட்டை மெலியச் செய்தது டி.டி.டி. பூச்சிக்கொல்லி. அதோடு, விதை தானியத்தில் பூசப்பட்ட டீல்ட்ரின் போன்ற நஞ்சுகள் வளர்ந்த பறவைகளையே நேராகக் கொன்றன.

அந்த நஞ்சு பைரிக்கு எந்த வழியாகப் போனது என்று எண்ணிப் பாருங்கள். வயலில் நஞ்சு பூசிய தானியத்தைப் பொறுக்கிய புறாக்கள் வழியாகத்தான் போனது. அதைத் தின்ற காட்டுப் புறாக்களும் ஏராளமாகச் செத்தன. பைரி அழிந்துகொண்டிருக்கிறது என்று உலகம் அறிந்துகொள்ளக் காரணமாக இருந்தது, பைரி மிகுந்துவிட்டது என்று புறா வளர்ப்போர் கொடுத்த மனு. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. தன் கூண்டின் மேல் பாயும் ஒரு பைரியைக் கண்டவருக்கு வானமெல்லாம் பைரியாகத் தெரியும். எனக்கும் அப்படித் தெரிந்த நாட்கள் உண்டு.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் கொடியதாக இருந்தது. 1964-இல் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் தேடியபோது முட்டையிடும் ஒரு ஜோடிகூட அகப்படவில்லை. 1972-இல் அங்கே டி.டி.டி. தடை செய்யப்பட்டு, கூண்டில் பெருக்கிய குஞ்சுகளை ஆண்டுதோறும் வெளியில் விட்டு வளர்த்து, 1999-இல்தான் அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலிலிருந்து பைரி நீக்கப்பட்டது. சட்டம் ஏன் காக்கிறது என்று கேட்டீர்கள். மீண்டு வந்து இன்னும் நெடுங்காலம் ஆகிவிடவில்லை என்பதால்தான் காக்கிறது.

பிடித்துத் தொலைவில் விடுவதும் பயன் தராது. நல்ல பாறையோ கோபுரமோ இருக்கும் இடத்தைப் பைரி ஜோடி பிடித்துக்கொண்டு, மற்றப் பைரிகளை அண்டவிடாமல் துரத்துகிறது. ஆனால் கூடு கட்ட இடம் கிடைக்காமல் சுற்றித் திரியும் இளம் பைரிகள் எப்போதும் உண்டு. ஒன்றை அகற்றினால் சில நாட்களிலேயே அந்த வெற்றிடத்தில் வேறொன்று வந்து உட்காரும். வந்து உட்காரும் புதிய பறவைக்கும் பசி அதே அளவுதான்.

கேள்வி: பந்தயத்துக்கு அனுப்பிய என் புறாக்களில் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. பைரிக் கூட்டின் அடியில் பந்தயப் புறாக்களின் கால் வளையங்கள் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பதில்: கால் வளையம், அந்தப் புறாவைப் பைரி தின்றது என்பதற்குச் சான்று. அந்தப் புறா பந்தயத்திலிருந்து நேராக வீடு திரும்பிக்கொண்டிருந்தது என்பதற்கு அது சான்றாகாது. வழி தவறிய எத்தனையோ பந்தயப் புறாக்கள் தெருப் புறாக் கூட்டத்தோடு சேர்ந்து மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றைப் பைரி எடுத்தாலும் வளையம் கூட்டடியில்தான் விழும். பிரிட்டனில் அரசு அமைத்த வேட்டைப் பறவைகள் குழு 2000-இல் அளித்த அறிக்கை, பந்தயப் புறாக்களின் இழப்பில் வேட்டைப் பறவைகளின் பங்கு சிறிது என்றும், வழி தவறுதல், களைப்பு, மின்கம்பியிலும் கட்டடங்களிலும் மோதுதல் ஆகியவையே பெரும் பங்கு என்றும் காட்டியது. ஆயினும் பைரி கூடு வைத்திருக்கும் பாறைக்கு அருகில் கூண்டு வைத்திருப்பவருக்கு இந்தச் சராசரி ஆறுதல் தராது. அவர் இழப்பு உண்மையிலேயே கடுமையாக இருக்கும். அதை மறுப்பவர்களோடு நான் உடன்படவில்லை. பைரி ஒன்றே ஒன்றைத்தான் அடித்துச் செல்லும் என்றாலும், சிதறிய கூட்டத்தில் பத்துப் புறாக்கள் திசை மாறிப் போகக்கூடும் என்பதும் உண்மை.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். விட்ட நேரம், காற்றின் திசை, மேகம், வெயில், புறாவின் வயது, முன்பு எத்தனை முறை அதே வழியில் பறந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஒரு பருவம் முடிந்து புரட்டிப் பார்த்தால், முதல் முறை நெடுந்தூரம் அனுப்பிய இளம் புறாக்களும், எதிர்காற்றில் விட்ட நாட்களுமே உங்கள் இழப்பின் பெரும் பகுதியாக இருப்பதைக் காணும் வாய்ப்பு மிகுதி. கூட்டுப் பாறையின் மேலாகப் போகும் வழி என்று தெரிந்தால், விடும் இடத்தை மாற்றித் தருமாறு உங்கள் சங்கத்தைக் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

கேள்வி: கண் போன்ற வட்டங்களை இறக்கையில் வரையலாமா? கூரையில் ஆந்தைப் பொம்மை வைத்தேன். ஒரு வாரம் பயன் இருந்தது, பிறகு இல்லை. வேறு என்னதான் செய்வது?

பதில்: பொம்மை அசையாது என்பதைக் கண்டுகொள்ள வேட்டைப் பறவைக்கு ஒரு வாரம் போதும். மினுங்கும் தகடுகளுக்கும் அதே கதிதான். இடத்தை அடிக்கடி மாற்றினால் சிறிது நாள் கூடுதலாகப் பயன் கிடைக்கும். கண் வட்டங்களை நான் நம்பவில்லை.

என் கூண்டில் மாற்றம் தந்தது, புறா வெளியில் இருக்கும் நேரத்தைக் குறைத்ததுதான். முன்பெல்லாம் காலையில் கதவைத் திறந்துவிட்டால் மாலை வரை புறாக்கள் கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பைரிக்கும் வைரிக்கும் அது திறந்து வைத்த பந்தி. இப்போது தீனி வைப்பதற்கு முன் பசியோடு விடுகிறேன். பறந்து முடித்ததும் தீனிக் குவளையைக் குலுக்குகிறேன். குவளையில் தானியம் உருளும் ஓசை கேட்டதும் கூட்டம் சுழன்று இறங்கி, கூரையில் நிற்காமல் நேராகக் கூண்டு வாயில் வழியே உள்ளே போகிறது. கடைசிப் புறா நுழைந்ததும் கதவை மூடிவிடுகிறேன். கூரையில் தங்கும் பழக்கத்தை மாற்ற ஒரு மாதம் பொறுமையாகப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. வயதான புறாக்கள்தான் அதிகம் அடம் பிடித்தன.

விடும் நேரத்தையும் நாள்தோறும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் ஒரே வானத்தில் புறாக் கூட்டம் எழும் என்று பைரி கற்றுக்கொண்டால், உங்களுக்கு முன்பே வந்து கோபுரத்தில் காத்திருக்கும். பைரியின் பசி ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று நான்கு முட்டைகளை ஒரு மாத அளவுக்கு அடைகாத்து, பொரித்த குஞ்சுகளை ஐந்து ஆறு வாரங்கள் ஊட்டி வளர்த்து, பறக்கத் தொடங்கிய பிறகும் சில வாரம் வேட்டை பழக்குகிறது. அருகில் கூடு இருந்தால், குஞ்சுகள் பெரிதாகும் அந்த வாரங்களில் இளம் புறாக்களையும், இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும் புறாக்களையும், நோயிலிருந்து தேறிவரும் புறாக்களையும் வெளியில் விடவே விடாதீர்கள். பைரியின் பாய்ச்சல்களில் பெரும்பகுதி தோல்வியில்தான் முடிகிறது; வெற்றி பெரும்பாலும் கூட்டத்தை விட்டு விலகிய ஒற்றைப் புறாவிடம்தான். எனவே நல்ல உடல்நிலையில், ஒன்றாகப் பறந்து பழகிய கூட்டமே உங்களுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த காவல். வெகு உயரம் ஏறி மணிக்கணக்கில் சுற்றும் இனங்களும் கரணம் அடிக்கும் இனங்களும் பைரியின் கண்ணில் எளிதில் படும். அவற்றை வளர்ப்பவர்கள் அந்த வாரங்களில் பறத்தலை முழுவதுமாக நிறுத்திவிடுவதே நல்லது. வெயிலும் காற்றும் கிடைக்க, கூண்டின் முன்பக்கம் வலை அடைத்த முற்றம் ஒன்றை அமைத்துக் கொடுங்கள்.

கேள்வி: வெள்ளைப் புறாவைத்தான் பைரி முதலில் எடுக்கும் என்கிறார்கள். நிறத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் வகையில் அன்று. கலிபோர்னியாவில் தெருப் புறாக்களைப் பைரிகள் தாக்குவதைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வாளர்கள் 2005-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உடல் நீலச்சாம்பலாகவும் வாலுக்கு மேலே இடுப்பில் மட்டும் வெள்ளைத் திட்டும் கொண்ட புறாக்கள், மற்ற நிறப் புறாக்களைவிட மிக அதிகமாகத் தப்பின. இடுப்பு இறகுகளை நிறம் மாற்றி ஒட்டிப் பார்த்தபோது, திட்டை இழந்த புறாக்கள் அந்தப் பாதுகாப்பையும் இழந்தன. புறா கடைசி நொடியில் உடலைச் சாய்த்து உருளும்போது, வெள்ளைத் திட்டின் மீது கண் வைத்துப் பாயும் பைரி, இறக்கை திரும்பும் திசையைக் காணத் தவறுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். முழு வெள்ளைப் புறாக்களை வளர்ப்பவர் இதனால் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒன்றே ஒன்றை வெள்ளையாக விடாமல், ஒத்த நிறங்களைச் சேர்த்து விடுவதே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: நேற்று முன்தினம் காணாமல் போன பெண்புறா இன்று மாலை நடந்தே வந்து சேர்ந்தது. மார்பில் கிழிசல் இருக்கிறது. குடித்த தண்ணீர் நெஞ்சு வழியாகச் சொட்டுகிறது. பிழைக்குமா?

பதில்: பிழைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் காலம் தாழ்த்தக் கூடாது. தண்ணீர் வெளியேறுகிறது என்றால் தோல் மட்டுமின்றி அதன் அடியில் உள்ள தீனிப்பையும் கிழிந்திருக்கிறது. பலர் மேல்தோலை மட்டும் சேர்த்துத் தைத்துவிட்டுப் புறாவை இழக்கிறார்கள். தீனிப்பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் இரண்டு அடுக்காகத் தைக்க வேண்டும். பறவைகளுக்கு மருத்துவம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இன்றே கொண்டு செல்லுங்கள். போகும் வரை மெல்லிய வெதுவெதுப்பில், இருட்டான அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள், தீனியைத் திணிக்காதீர்கள். காயத்தில் ஒட்டியிருக்கும் இறகுகளைப் பிடுங்காமல், வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். தேறிய பிறகும் ஒரு மாதமாவது கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும். முதல் முறை வெளியில் விடும்போது, வானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் ஜோடியோடு சேர்த்து விடுங்கள்.